நட்டவர்களுக்கு நான்கு மூலை

எங்கள் ஓய்வுபெற்ற இயந்திர இயக்குநர்கள் சங்கத்தின் செயலாளர் போன மாதம் போன் செய்தார். "அண்ணே, சங்க மலருக்கு உங்க கட்டுரை வேணும். இளைய தலைமுறைக்கு வழிகாட்டியா இருக்கணும்" என்றார்.

"எந்த இளைய தலைமுறைப்பா? நம்ம போஸ்ட்டையே எடுத்துட்டாங்களே" என்றேன்.

"சரிண்ணே, அப்ப மூத்த தலைமுறைக்கே எழுதுங்க" என்று வைத்துவிட்டார்.

ஆக, இதைப் படிக்கப்போவது என்னோடு சேர்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் இருபது முப்பது பேர். எல்லோருக்கும் என்னைத் தெரியும். வீரப்பிரதாபம் அளக்க வழியில்லை. இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

நான் அரசு வாடகை இயந்திர நிலையத்தில் ஆபரேட்டர். முதலில் டிராக்டர், பிறகு அறுவடை இயந்திரம். 'ஆபரேட்டர்' என்று சொல்லித்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார் சினிமாக் கொட்டகை ஆபரேட்டர் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். கல்யாணமான மறுவாரம் என் மாமியார் குடும்பத்தோடு படம் பார்க்கக் கிளம்பி வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மாமனார் கடைசிவரை என்னை மன்னிக்கவில்லை.

எங்கள் அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்காரர்கள். எங்கள் தெருவில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அப்போதெல்லாம் எங்கள் அலுவலகச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. தேர்தல் முடிந்தால் அதில் மாட்டியிருக்கும் முதலமைச்சர் படம் மாறும். எனக்குத் தெரிந்து அந்த ஆணியை யாரும் மாற்றியதில்லை. நான் நிலையத்தில் அந்த ஆணி மாதிரி. படங்கள் வரும், போகும், நான் இருப்பேன் என்று நினைத்திருந்தேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்று உண்டு. முதன்முதலாக என்னைத் தனியாக உழ அனுப்பிய அன்று டிராக்டரை நேராக வாய்க்காலில் இறக்கிவிட்டேன். உழவு மாடு வைத்திருந்த ஒருவர் இரண்டு ஜோடி மாட்டைக் கட்டி இழுத்துக் கரையேற்றினார். ஏற்றிவிட்டு, மாட்டின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, "இவனுங்கள வேணாம்னுதானே இத வாங்குனீங்க?" என்று கேட்டார். நான் ஹிஹி என்று இளித்தேன். மூன்று போகத்துக்குள் அவர் அந்த மாடுகளை விற்றுவிட்டார். அத்தோடு என் இளிப்பும் நின்றுபோனது.

இனி எங்கள் ஏ.ஈ. நடேசன் சாரைப் பற்றி. உதவிப் பொறியாளர். எனக்கு நெடுங்காலம் மேலதிகாரி. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், கஞ்சி போட்டு மொடமொடவென்று. டெல்டாவில் வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் அவர் செருப்பில் சேறு பட்டு நான் பார்த்ததில்லை. வரப்பு மேலேயே ஊர் ஊராகப் போய்வருவார். சத்தம் போடமாட்டார். யார் சண்டைக்கு வந்தாலும் முதலில் டீ வரவழைப்பார். முடிவு சொல்லவேண்டிய நேரம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், கைக்குட்டையால் துடைப்பார், மாட்டுவார், பிறகு மெல்லச் சொல்வார்: "பாத்துச் செய்ங்க."

இந்த இரண்டு சொல்லின் பொருளைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று. நல்லபடியாக முடிந்தால் அவர் சொல்லிச் செய்தது. கெட்டுப்போனால் நான் பார்க்காமல் செய்தது.

அறுவடை இயந்திரம் எங்கள் நிலையத்துக்கு வந்தபோது அதை ஓட்டப் பழகிய முதல் ஆள் நான். அதை வயலில் இறக்க ஒரு முறை இருக்கிறது. காலையில் பனி காயும்வரை தொடக்கூடாது. ஈரக் கதிர் உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். வயலைச் சுற்றி வெறுங்காலோடு ஒரு நடை நடக்க வேண்டும். குதிகாலை ஊன்றி அழுத்தினால் பள்ளத்தில் தண்ணீர் ஊறுகிறதா பார்க்க வேண்டும். ஊறினால் சக்கரம் புதையும். நடுவில் யாராவது மூங்கில் முளை அடித்து மறந்திருக்கிறார்களா, கல் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, மிக முக்கியமாக, மூலை. எங்கள் இயந்திரம் சக்கர வண்டி. இறங்கவும் திரும்பவும் இடம் வேண்டும். அதனால் வயலின் நான்கு மூலையையும் வரப்போரத்தையும் முதலில் கையால் அறுத்து வைத்திருக்க வேண்டும். ஒரு மாட்டுவண்டி வளைந்து திரும்பும் அளவாவது வேண்டும். இல்லாவிட்டால் அறுக்கிற நெல்லைவிட மிதிக்கிற நெல் அதிகமாகிவிடும்.

இன்னொரு முறையும் இருந்தது. அது இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் இல்லை. எந்த செட்டுப் பெண்கள் ஒரு வயலை நட்டார்களோ அந்த செட்டுதான் அதை அறுக்கும். அடுத்த செட்டு நட்ட வயலில் அருவாள் வைக்கமாட்டார்கள். நடவுக் கூலி அன்றாடச் செலவுக்குத்தான் காணும். அறுப்புக் கூலிதான் களத்தில் நெல்லாக அளந்து கிடைப்பது. வருஷத்துச் சோறு அது. ஐப்பசி மழையில் முதுகில் சாக்கைப் போட்டுக்கொண்டு குனிந்து நடுகிறவளுக்கு, தை மாதத்து நெல்தான் கண்ணுக்குள் இருக்கும். தான் அறுக்கப்போகும் வயல் என்பதால் ஒழுங்காகவும் நடுவாள். என் அம்மா நட்ட வயலை என் அம்மாதான் அறுத்தாள். அந்த நெல்லில்தான் நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை வந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

திருத்துறைப்பூண்டி பக்கம் வடக்குவெளி என்று ஓர் ஊர். அங்கே பெரிய பண்ணை சோமசுந்தரம். அந்த வருஷம் கூலித் தகராறு முற்றி, கூலியாட்கள் பாதி வயல்களில் செங்கொடி நட்டிருந்தார்கள். கூலி கேட்டதற்காகக் குடிசைகள் எரிந்த மண் இது. அதனால் கொடி ஏறினால் வேனில் போலீஸும் வந்து இறங்கிவிடும். சோமசுந்தரம் கூலி பேசப் போகவில்லை. நேராக எங்கள் நிலையத்துக்கு வந்து இயந்திரத்தைப் பதிவு செய்துவிட்டார்.

நான் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தேன். கோயிலடி வயல். சம்பா நன்றாக விளைந்து தலை சாய்ந்திருந்தது. புளியமரத்தடியில் ஒரு வேன் போலீஸ். வரப்பில் ஏ.ஈ. சார், வெள்ளையாக. எதிர் வரப்பில் அந்த வயலை நட்ட செட்டு, அருவாளோடு. செட்டின் தலைவி காத்தாயி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

அக்கா எழுந்து வந்து இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, எங்களுக்கு மாத்தா வந்த ஆளு இவந்தானா? நல்லா வாட்டசாட்டமாத்தான் இருக்கான். நாத்து பறிப்பானா?"

"பறிக்காதுக்கா."

"நடுவானா?"

"நடாது."

"களையாச்சும் எடுப்பானா?"

"அதுவும் இல்ல."

"அப்ப சோறு வெந்தபொறவு தட்ட எடுத்துக்கிட்டு வர்ற ஆளு. எங்க வீட்டு ஆம்பள மாதிரியேதான் இருக்கான்."

செட்டே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஏ.ஈ. சார் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டேன்.

போலீஸ்காரர்கள் எழுந்து வந்தார்கள். மறிப்பார்கள், தூக்கி வேனில் ஏற்றலாம் என்று தயாராக வந்திருந்தார்கள். அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். "நாங்க மறிக்கலீங்க. மிஷினு அறுத்துக்கிடட்டும். நாங்க வரப்புல குந்தி வேடிக்கை பாக்குறோம். அதுக்குக் கேஸு இல்லீங்களே?"

கேஸ் இல்லை. போலீஸ்காரர்கள் ஏமாந்துபோய்ப் புளியமரத்தடிக்கே திரும்பினார்கள். ஏ.ஈ. சார் முகம் மலர்ந்தது. "அதான் மறிக்கலன்னுட்டாங்களே. அப்புறம் என்ன, கலியபெருமாள்? பாத்துச் செய்ங்க."

நான் பார்த்தேன். "சார், மூலை அறுக்கல சார்."

அப்போதுதான் சாருக்கும் பக்கத்தில் நின்ற சோமசுந்தரத்துக்கும் புரிந்தது, அந்தப் பெண்கள் ஏன் அவ்வளவு சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று. சோமசுந்தரம் ஊருக்குள் ஆள் விட்டார். யாரும் வரவில்லை. பக்கத்து ஊருக்கு ஆள் விட்டார். "காத்தாயி செட்டு நட்ட வயலா? நாங்க வர்றதில்லீங்க" என்று பதில் வந்தது. அவருடைய பங்காளிகள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு அறுக்கச் சொல்லத்தான் தெரியும்.

வெயில் ஏறியது. நான் இயந்திரத்தின் மேலே, நிலைக்கு வராத தேர் மாதிரி உட்கார்ந்திருந்தேன். எதிர் வரப்பிலிருந்து, "தம்பி, ரொம்ப நேரமா ஒக்காந்திருக்கீங்களே, தேங்கா ஒடைக்கட்டுமா?" என்று ஒரு குரல்.

சோமசுந்தரத்துக்குப் பொறுக்கவில்லை. ஓர் அருவாளை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "ஏப்பா, நீயும் அறுத்துப் பொழைச்ச குடும்பந்தானே? எறங்கு. நாலு மூலையையும் அறுத்துவுட்டுட்டு மிஷின ஏத்து."

நான் ஏ.ஈ. சாரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவ்வளவு நேரம் அவர் கண்ணாடி துடைத்து நான் பார்த்ததில்லை. கடைசியில் மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், நெல்லைப் பார்த்துச் சொன்னார். "பாத்துச் செய்ங்க."

அறுக்காமல் இயந்திரம் திரும்பினால் விளக்கம் கேட்பார்கள். பக்கத்து நிலையத்தில் ஒருவரை அப்படித்தான் தண்ணியில்லாத காட்டுக்குத் தூக்கியடித்தார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. அருவாளை வாங்கிக்கொண்டு ஈசானிய மூலைக்கு நடந்தேன்.

வரப்பில் சிரிப்பு நின்றுவிட்டது. காத்தாயி அக்கா மட்டும், கோபமே இல்லாமல், சம்பந்தம் பேசுகிற குரலில் கேட்டார். "உங்கம்மா எந்த செட்டு தம்பி?"

நான் குனிந்தேன். ஒரு பிடி கதிரைச் சேர்த்துப் பிடித்தேன். அருவாளை இழுத்தேன். கதிர் அப்படியே இருந்தது. என் ஆள்காட்டி விரல் பாதி திறந்துகொண்டது.

கலியபெருமாள் ஏழைகளுக்காக வேண்டுமென்றே கையை அறுத்துக்கொண்டான் என்று நம் சங்கத்தில் ஒரு கதை உண்டு. இத்தனை வருஷம் நான் அதை மறுக்கவில்லை. டீ வாங்கிக் கொடுக்கிறார்கள், எதற்கு மறுப்பது? உண்மை என்னவென்றால் எனக்கு அறுக்கத் தெரியாது. என் அம்மா என்னை வயலில் இறக்கியதே இல்லை. படிக்கிற பிள்ளை என்று களத்துமேட்டில் உட்காரவைத்துவிடுவாள். அறுத்துப் பிழைத்த குடும்பத்தில் அருவாள் பிடிக்கத் தெரியாத ஒரே ஆளிடம்தான் சோமசுந்தரம் அருவாளைக் கொடுத்திருந்தார்.

ரத்தம் நெல்லில் சொட்டியது. "ஐயோ, அரசாங்க ரத்தம்!" என்று ஒருத்தி கத்தினாள். எல்லோரையும்விட அதிகம் பயந்தவர் ஏ.ஈ. சார். பணி நேரத்தில் பணியாளருக்கு வெட்டுக்காயம், அதுவும் பணியில் சேராத வேலையில், அதுவும் போலீஸ் பார்த்துக்கொண்டிருக்க. யார் அறுக்கச் சொன்னது என்று மேலே கேட்பார்களே! பதறிப்போய் வரப்பிலிருந்து இறங்கிவிட்டார். வெள்ளைப் பேன்ட் முழங்கால்வரை சேறு.

அக்கா வரப்பில் இருந்த வெட்டுக்காயப் பூண்டைப் பறித்துக் கசக்கி, சாற்றை விரலில் பிழிந்து, முந்தானையைக் கிழித்துக் கட்டினார். கட்டிக்கொண்டே ஏ.ஈ. சாரிடம் பேசினார்.

"ஐயா, இந்தத் தம்பி கைய வச்சு ஒரு மூலைகூட அறுக்க முடியாது. நாங்களே அறுத்துத் தாறோம். நாலு மூலையும், வரப்போரமும், சாஞ்சு கெடக்குறதும் நட்ட செட்டுக்கு. கூலி களத்துல நெல்லா. இந்த வயலுக்கு மட்டுமில்ல, எந்த வயல்ல மிஷினு எறங்குனாலும் இதான். மீதிய மிஷினு தின்னட்டும்."

நடேசன் சார் அவருடைய பணிக்காலத்திலேயே ஒருமுறைதான் கண்ணாடியைத் துடைக்காமல் முடிவு சொன்னார். "நல்ல யோசனை" என்றார். சோமசுந்தரம் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். பெண்கள் இறங்கினார்கள். மூலைகள் வெட்டவெளியாயின. நான் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து உள்ளே ஏறினேன். பொழுது சாய்வதற்குள் வயல் முடிந்துவிட்டது.

அந்த வருஷம் காற்றில் சாய்ந்த நெல் நிறைய. செட்டுக்கு மோசமில்லாத பங்கு கிடைத்தது. அது அப்படியே ஊர் ஊராகப் பரவி, 'நட்டவங்களுக்கு மூலை' என்று ஒரு வழக்கமே ஆகிவிட்டது. எங்கே போனாலும், என் கைத் தழும்பைக் காட்டினால் இளநீர் கிடைத்தது. அன்றைக்கு எல்லோருமே ஜெயித்துவிட்டோம். யாருக்கு என்ன போயிற்று என்று நடு வயலை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல ஒரு சண்டைகூட இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். வழக்கத்தை யாரும் மீறவில்லை. மூலை நட்டவர்களுக்குத்தான். ஆனால் இயந்திரம் சுலபமாக ஓட வேண்டுமென்று வரப்புகளை வெட்டி, நாலு வயலை ஒன்றாக்கினார்கள். வயல் பெரிதானது, மூலை குறைந்தது. எனக்கும் கை பழகிவிட்டது. முன்பு மாட்டுவண்டி திரும்பும் இடம் கேட்டவன், பிறகு சைக்கிள் திரும்பும் இடத்தில் திருப்பினேன். 'கலியபெருமாள் மாதிரி மூலை ஒடிக்க ஆளில்லை' என்று பேர் வாங்கினேன். யாருடைய சோற்றை ஒடிக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை. பிறகு வெளியூர்களிலிருந்து லாரி லாரியாகத் தனியார் இயந்திரங்கள் வந்து இறங்கின. சக்கரத்துக்குப் பதில் சங்கிலிப் பட்டை. நின்ற இடத்திலேயே பம்பரமாகத் திரும்பும். அதற்கு மூலையே வேண்டாம்.

காவிரியில் தண்ணீர் நேரத்துக்கு வராமல்போக, நாற்றுவிட்டு நடுவதை நிறுத்தி நேரடி விதைப்புக்குப் போனார்கள். நடவே இல்லையென்றால் நட்டவர்கள் ஏது? காத்தாயி அக்காவின் இரண்டு மருமகள்களும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறினார்கள். மகன்கள் சென்னையில் கட்டட வேலை. அக்கா நூறு நாள் வேலையில். இன்னும் நடுகிற சிலர் வடக்கேயிருந்து வங்காளிப் பையன்களை வரவழைக்கிறார்கள். மளமளவென்று நடுகிறார்கள். நட்ட கையோடு ரயில் ஏறிவிடுகிறார்கள். தை மாதத்து நெல் அவர்கள் கண்ணுக்குள் இருக்க நியாயமில்லை. யாரையும் யாரும் அடித்து விரட்டவில்லை. ஒரு குடிசை எரியவில்லை. கூப்பிடாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

நானும் அதே வழியில்தான் போனேன். என் இயந்திரம் ஷெட்டில் நின்றது. பார்ட்ஸ் வரவில்லை. பார்ட்ஸ் வந்தபோது வாடகைக்குக் கேட்க ஆள் வரவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்றே என் பணியிடத்தையும் ஒழித்துவிட்டார்கள். ஆணியைப் பிடுங்கிவிட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தாயிற்று. பிரிவு விழாவுக்கு விருந்தினராக வந்திருந்த நடேசன் சார் சால்வை போர்த்தி, "ஓய்வுக் காலத்தைப் பாத்துச் செய்ங்க" என்று வாழ்த்தினார்.

போன வருஷம் தை மாதத்தில் மழை பிடித்துக்கொண்டது. விளைந்த பயிர் தண்ணீரில் படுத்துவிட்டது. ஒரு காலையில் என் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. சோமசுந்தரத்தின் மகன் ரவி. துபாயிலிருந்து திரும்பி வந்து நிலத்தைப் பார்க்கிறார். "சார், வணக்கம் சார்" என்றார். ஆள் கிடைக்காமல் போன பிறகுதான் அந்தக் குடும்பத்திலிருந்து எனக்கு 'சார்' வந்து சேர்ந்தது. "சங்கிலி வண்டிகூடப் புதையுது சார். கையறுப்புதான் ஒரே வழி. அந்தக் காத்தாயி அம்மா செட்டு உங்களுக்குப் பழக்கமாமே? நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

போனோம். அக்கா ரேஷன் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். என் விரலைப் பிடித்துத் தழும்பைப் பார்த்தார். "இன்னும் அறுக்கக் கத்துக்கிடலியா?" என்று சிரித்தார். ரவி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, நெல்லு மொளைக்க ஆரம்பிச்சிருச்சும்மா. ஒரு பத்து பேரைச் சேத்துக்கிட்டு நீங்க வந்தீங்கன்னா போதும். கேக்குற கூலி தர்றேன். நெல்லா வேணும்னாலும் நெல்லாவே அளக்கச் சொல்றேம்மா."

"எந்த வயலு?"

"கோயிலடி வயல்தாம்மா."

"யாரு நட்டது?"

"நடவு இல்லம்மா. நேரடி வெதப்பு. மிஷின் வச்சு வெதச்சோம்."

முறம் நின்றது. அந்தத் தெருவில் குனிந்து அறுக்கக்கூடிய பெண் இன்னொருத்தி இல்லை என்பது எனக்குத் தெரியும். அக்காவின் முட்டியும் என் முட்டி மாதிரிதான். 'ஆள் இல்லை தம்பி' என்று சொல்லியிருந்தால் அது சத்தியமான பதில். அக்கா அதைச் சொல்லவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப வெதச்சவனையே அறுக்கச் சொல்லுங்க தம்பி. அடுத்தவங்க போட்ட வயல்ல எங்க செட்டு அருவா வைக்கிறதில்ல."

முறம் மறுபடி ஆட ஆரம்பித்தது.

கோயிலடி வயல் வழியாகத்தான் திரும்பினோம். தண்ணீருக்கு மேலே, படுத்த கதிர்களிலிருந்து நாற்றங்கால் மாதிரிப் பச்சையாக முளை கிளம்பியிருந்தது. ரவி காரை நிறுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்ன சார் சொன்னாங்க? வருவாங்களா, மாட்டாங்களா? எனக்குப் புரியவே இல்ல."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டேன்.

"பாத்துச் செய்யச் சொல்றாங்க தம்பி" என்றேன்.